எருக்க மாலையும் மூளிக் காதும்

விசுவாசத்தை ஒளித்துவைக்காமல் வாழ்ந்து, அதற்காக ஊர் சிரிக்க நின்றவர் யார் என்று கேட்டால், நம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் தயங்காமல் தேவசகாயம் என்பார்கள். 1749இல் திருவிதாங்கூர் அரசு அவரைக் கைது செய்தது. மூன்று ஆண்டு சித்திரவதைக்குப் பின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றது. 2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். குருவாகவோ துறவியாகவோ இல்லாமல், குடும்பஸ்தராக வாழ்ந்து அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

அவருக்குப் பக்கத்தில் இங்கே நான் நிறுத்துவது பெயர்பெற்ற யாரையும் அல்ல. போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, முந்தல் சோதனைச்சாவடி தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிற கூலிப் பெண்களில் பெந்தேகோஸ்தே சபைக்குப் போகிறவர் ஒருவர். எந்த ஜீப்பிலும் இப்படி ஒருவராவது இருப்பார். கழுத்தும் காதும் வெறுமையாக இருக்கும். அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அரண்மனை அதிகாரியையும் ஏலக்காட்டுக் கூலியையும் ஒரே தட்டில் வைப்பது முறையா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சிரிப்பு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை. ஒருவர் மேலே இருந்து இறங்கினார், அதற்காகச் சிரித்தார்கள். இன்னொருவர் கீழே இருந்து ஏறப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கிறிஸ்து ஒருவர்தான், சிரிப்பு மட்டும் இரண்டு வகை.

முதலில் இறங்கியவர் கதை. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை நாயர் குடும்பத்தவர். மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் அலுவல் பார்த்தார். 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியாளர் ஆன, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. வீட்டில் அடுத்தடுத்து நட்டமும் துக்கமும் வந்தபோது டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது பரம்பரைச் செய்தி. 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் சொல்லித் தேவசகாயம் என்று பெயரிட்டார்கள். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

அரசு சுமத்திய குற்றம் ராஜதுரோகம். உண்மையான குற்றம் மதமாற்றமே என்கிறது திருச்சபை. அந்த வழக்கை இங்கே விசாரிக்க வேண்டியதில்லை. தண்டனை எந்த வடிவத்தில் வந்தது என்பதே நமக்கு வேண்டியது. கைகளைப் பின்னால் கட்டி, எருமையின் முதுகில் வால் பக்கம் பார்த்து உட்காரவைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடியும் மிளகாய்ப்பொடியும் உடம்புக்கு என்றால், எருமையும் எருக்கும் அந்தஸ்துக்கு. பல்லக்கோ குதிரையோ ஏறத்தக்கவரை எமனின் வாகனத்தில் ஏற்றுகிறார்கள், அதுவும் பின்பக்கம் பார்த்து. பூசைப் பூ சூட வேண்டியவருக்குக் கொலைத்தண்டனைக் கைதியின் மாலை. தாழ்ந்த சாதியாரோடு கூசாமல் கலந்து பழகினார் என்பதும் அவர்மேல் இருந்த குறை. 'கீழே போக ஆசைப்பட்டாயே, இதோ எவ்வளவு கீழே போகலாம் பார்' என்று அரசன் ஊரைக் கூட்டிக் காட்டிய வேடிக்கை அது.

இந்த வகைக் கேலிக்கு ஒரு நிபந்தனை உண்டு. சிரிக்கப்படுகிறவருக்கு முதலில் உயரம் இருந்தாக வேண்டும். நூறு ஆண்டு கழித்து நெல்லைச் சீமையில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. வைணவ வேளாளர், தமிழ் படித்த குடும்பம், கம்பனில் ஊறியவர். 1858இல் சென்னைக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார். உறவினருக்கு அது இழவு வீட்டுத் துக்கம். ஆனால் அவர் 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டபோது, அதன் தமிழைக் கண்டு கிறிஸ்தவக் கம்பர் என்றே பட்டம் சூட்டினார்கள். அந்தக் காவியத்துக்கு மூலமான நூலை எழுதிய ஜான் பன்யன், அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டு கிடந்தவர். பாத்திரம் அடைக்கும் தொழிலாளியான பன்யனின் கதை நம்மூருக்கு வந்து ஒரு வேளாளப் புலவர் கையில் காவியமானது வேறு கதை. இங்கே சொல்ல வந்தது இவ்வளவுதான்: உயரத்திலிருந்து இறங்கியவரைப் பார்த்துச் சிரித்த ஊர், பின்னால் அவருக்குச் சிலை வைக்கிறது. இழந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரிவதால், அந்த இழப்பே அவருக்குச் சாட்சியாக நிற்கிறது.

இனி ஜீப்புக்கு வருவோம்.

ஏலக்காய் எடுப்பது குனிந்த வேலை. மிளகைப் போல ஏணி வைத்துப் பறிக்க முடியாது, தேயிலையைப் போல நின்றபடி கிள்ளவும் முடியாது. தூரின் அடியில் தரையை ஒட்டிச் சரம் ஓடும், அதில்தான் காய் பிடிக்கும். சேறு, அட்டை, சாரல் எல்லாவற்றுக்கும் நடுவே குத்தவைத்து, விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் கங்காணி சத்தம் போடுவார். அந்தக் காய் உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்து, போடியில் தரம் பிரிக்கப்பட்டு, ஏல மையத்தின் கணினித் திரையில் விலையாகும்போது எடுத்த கை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. மதுரை ரயில் பாதை 1928இல் போடிவரை வந்ததற்கே மலைச்சரக்கு முக்கியமான காரணம். சரக்கைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எடுக்கும் கையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அந்தக் கைகளில் சில ஞாயிற்றுக்கிழமை பைபிள் பிடிக்கின்றன. வெள்ளைச் சேலை கட்டி, காலையிலேயே தெருவழியே சபைக்கு நடக்கும் பெண்ணைப் பார்த்து, "அல்லேலூயா கிளம்பிருச்சுடா" என்று டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். பெந்தேகோஸ்தே சபைகள் பலவற்றில் நகை கூடாது. 1920களில் கொழும்பில் தொடங்கித் தமிழ்நாட்டுக்கு வந்த பெந்தேகோஸ்தே மரபு ஒன்றில் வெள்ளை உடையும் நகையில்லாத உடம்பும் கட்டாய அடையாளங்கள். நகரத்தில் இது வெறும் உடைப் பழக்கம், இந்த மண்ணில் அப்படியல்ல. தோடில்லாத காது மூளிக் காது, தாலியில்லாத கழுத்து அறுத்தவள் கழுத்து. புருஷன் உயிரோடு இருக்கும்போதே அமங்கலியைப் போல நடமாடுகிறாள் என்று மாமியார் முதல் பக்கத்து வீடு வரை வசவு விழும். எருக்க மாலையை அரசன் போட்டான். மூளிக் காதை இவள் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அடையாளத்தைப் பொறுத்தவரை இவள் செய்தது கடினமான காரியம் என்றே நினைக்கிறேன். வலுக்கட்டாயமாகப் போடப்பட்ட மாலைக்காக யாரும் போட்டவனைத்தான் குறை சொல்வார்கள். தானே கழற்றிய தோட்டுக்கு வசவெல்லாம் கழற்றியவளுக்கு.

வசவோடு முடிவதில்லை. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுப்பதா வேண்டாமா என்று வருடாவருடம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். காய் எடுப்புத் தொடங்கும் முன் தோட்டத்துச் சாமிக்குப் பூசை போடுகிற எஸ்டேட்டுகள் உண்டு. பொங்கலை வாங்கிச் சாப்பிடாமல் ஓரமாக நிற்கிறவளை அன்று முழுவதும் சாடை பேசுவார்கள். காய் விளைந்துவிட்டால் சின்னத் தோட்டங்களில் ஞாயிறு என்று நாள் பார்க்க மாட்டார்கள். சபைக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. இவ்வளவும் சின்ன விஷயங்கள்தான். ஒன்றையும் எந்தத் திருச்சபை வரலாற்றிலும் எழுத மாட்டார்கள்.

இப்போது அதே மலையில் கொஞ்சம் மேலே பாருங்கள். 1940களிலும் 50களிலும் உணவு உற்பத்திப் பெருக்கமும் அரசுக் குடியேற்றத் திட்டங்களும் இழுக்க, பாலா, காஞ்ஞிரப்பள்ளிப் பக்கத்திலிருந்து சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த மலைக்கு ஏறி வந்தன. காடு திருத்தினார்கள், காட்டுப் பன்றியோடும் மலேரியாவோடும் போராடினார்கள், பிற்பாடு தோட்ட முதலாளிகளும் ஆனார்கள். 2003இல் இடுக்கிக்கெனச் சீரோ மலபார் மறைமாவட்டமே உருவானது. திருப்பத்துக்குத் திருப்பம் தேவாலயமும் குரிசடியும் இருக்கின்றன. பெரிய வெள்ளியன்று வாகமண் குரிசுமலைக்குத் தோளில் சிலுவை சுமந்து ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள், சாலை முழுக்க ஜெபம். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. முதலாளி கழுத்தில் தொங்கும் தங்கச் சிலுவையை மரியாதையோடு பார்க்கும் அதே மேஸ்திரி, கூலிக்காரப் பெண் சாப்பாட்டுக்கு முன் கண்மூடி ஜெபித்தால் மட்டும் கண்ணடிக்கிறான். கீழே கம்பம் பள்ளத்தாக்கிலும் இதைப் பார்க்கலாம். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் தேர் இழுத்தால் அது ஊர்த் திருவிழா. போடியின் ஒரு காலனியில் நான்கு வீடு சேர்ந்து பாட்டுப் பாடினால் அது தொல்லை.

ஆகவே ஏளனத்தின் குறி கிறிஸ்து அல்ல. இதைச் சொல்லவே இவ்வளவு சுற்றி வந்தேன். விசுவாசத்தைப் பார்த்துச் சிரிப்பதாக இருந்தால் முதலாளியைப் பார்த்தும் சிரித்திருக்க வேண்டும். 'உனக்கு எதற்கு இந்த வேலை' என்பதே இந்தச் சிரிப்பின் சாரம். நிலமில்லாத சாதியில் பிறந்தவள், முன்பின் தெரியாத ஒரு கடவுளோடு நேரடியாகப் பேசுகிறேன் என்கிறாள், சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறாள், மேடையில் பேசியறியாத வாய் மைக் பிடிக்கிறது. அது பொறுக்காமல் வரும் சிரிப்பு.

அந்தப் பொறாமைக்கு ஒரு பழைய நியாயமும் தயாராக இருக்கிறது: சோத்துக்கு வேதத்தில் சேர்ந்தவர்கள். தாது வருடப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை, தென்மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் மிஷன் சபைகளில் சேர்ந்தார்கள். அரிசிக் கிறிஸ்தவர் என்ற பட்டம் அப்போதே நிலைத்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் அமெரிக்காவிலிருந்து உதவியாகக் கப்பலில் வந்த கோதுமையும் பால்பவுடரும் தேவாலய வளாகங்களில் விநியோகமானபோது பட்டமும் புதுப்பித்துக்கொண்டது, பால்பவுடர் கிறிஸ்தவன் என்று. அந்தப் பால்பவுடரைப் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும்தான் குடித்தார்கள். பட்டம் மட்டும் ஒரு சிலருக்கே வந்தது.

லாபத்துக்காகச் சேர்ந்தார்கள் என்ற வாதத்தை 1950க்குப் பின்னும் சொல்கிறவர்கள் சட்டத்தைப் படிக்காதவர்கள். அந்த ஆண்டு வெளியான குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்தி ஒன்று உண்டு. இந்து மதத்தைப் பின்பற்றாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் சாரம். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். பட்டியல் சாதிக்கான வேலை இடஒதுக்கீடு முதல் பஞ்சாயத்துத் தனித்தொகுதி வரை கைநழுவிப் போகும்.

சூசை என்ற சென்னைத் தொழிலாளியின் வழக்கு இதை ஊரறியச் செய்தது. சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைப்பவர், ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது அதே தொழில் செய்த இந்துக்களுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பர் 30 அன்று மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் புதிய சமூகத்திலும் அதே கடுமையோடு சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் தரப்படவில்லை என்றது நீதிமன்றம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஒழுங்காகத் தேவாலயத்துக்குப் போகிறவர் இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசமைப்புக்கு எதிரான மோசடி என்றே அதே நீதிமன்றம் சொன்னது. வெளிப்படையாக வழிபட்டதே எதிர்ச் சாட்சியாகிவிட்டது.

இதனால்தான் நம் பக்கம் பலர் இரண்டு பெயரோடு வாழ்கிறார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, சபைப் பதிவேட்டில் ஒன்று. இவர்களையும் இப்போது 'கிரிப்டோ', அதாவது மறைமுகக் கிறிஸ்தவர், என்று புதிதாகக் கேலி செய்யக் கற்றுக்கொண்டார்கள். வெளிப்படையாகச் சொன்னால் சோத்துக்கு மாறியவன், சொல்லாவிட்டால் மோசடிக்காரன். எந்தப் பக்கம் போனாலும் சிரிப்புத் தயார். நீலகண்ட பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. விசுவாசத்தை மறுதலித்தால் பழைய பதவியும் மரியாதையும் திரும்பக் கிடைக்கும் என்ற நிலையில்தான் அவர் இருந்தார். மறுதலிக்கவில்லை, அதில் இருக்கிறது அவர் பெருமை. ஏலக்காட்டுப் பெண் சபையை விட்டால் அவளுக்கு என்ன திரும்பக் கிடைக்கும்? சான்றிதழ் வேண்டுமானால் கிடைக்கும். டீக்கடை பெஞ்சில் அவளுக்கு இடம் முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

தேவசகாயத்தின் பக்கத்தையும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். இறங்கியவரைச் சாதி அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872இல் இரண்டு கால் வைத்த கோயில் கட்டினார்கள். வேளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம், பீடம் மட்டும் பொது. கால்சட்டைக் கோயில் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. 1910இல்தான் தடுப்புச்சுவர் இடிந்தது. அதை எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். புனிதர் பட்டம் நெருங்கும் காலத்தில்கூடப் 'பிள்ளை' என்ற வால் அவர் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நீக்கச் சொல்லி ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரிகள் உள்ளிட்டோர் வத்திக்கானுக்கு எழுத வேண்டியிருந்தது, பிறகே நீங்கியது. எருமைமேல் ஏறி அவர் உதறிய அந்தஸ்தைப் பக்தர்கள் இருநூற்றைம்பது ஆண்டு சுமந்துகொண்டிருந்தார்கள் என்பது கசப்பான வேடிக்கை.

சீர்திருத்தச் சபைகளும் இதில் சளைத்தவை அல்ல. மதுரையைத் தலைமையாகக் கொண்ட அமெரிக்கன் மிஷன் 1834இல் தொடங்கியது. பெரியகுளமும் அதன் நிலையங்களில் ஒன்று. 1847இல் சபையாரும் உபதேசியாரும் சாதியை விட்டுச் சமமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பு வந்தபோது, பந்தியில் உட்கார்வதைவிட வேலையை விடுவது மேல் என்று போன உபதேசியார்கள் உண்டு. ஊர் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தவர்களுக்குப் பக்கத்து இலையைப் பொறுக்க முடியவில்லை.

சபைக்காரர்கள் எல்லோரும் பரிசுத்தவான்கள் என்று நான் வாதாட வரவில்லை. குழாய் ஒலிபெருக்கி கட்டி அண்டை வீட்டுச் சாமியைப் பிசாசு என்று கத்துகிற போதகர்களை நானும் கேட்டிருக்கிறேன். அதற்கு வரும் எதிர்ப்பு ஏளனமல்ல, பதில். இரண்டையும் குழப்பி, கிடைக்கும் அடியெல்லாம் சிலுவைப்பாடு என்று பெருமை பேசுவது ஊழியக்காரர்களுக்குப் பிடித்தமான பழக்கம். ஆனால் ஜீப்பில் போகும் பெண் யார் சாமியையும் திட்டவில்லை. தோட்டைக் கழற்றினாள், ஞாயிற்றுக்கிழமைக் கூலியை விட்டாள், பொங்கலை வாங்காமல் ஓரமாக நின்றாள், அவ்வளவுதான்.

யாருடைய பாரம் கூடுதல் என்று கேட்டால் உயிரைக் கொடுத்தவருக்கு எதிரே யாரும் நிற்க முடியாது. அந்தத் தராசில் தேவசகாயத்தோடு போட்டியே கிடையாது. ஆனால் ஏளனம் என்ற ஒன்றை மட்டும் தனியே நிறுத்தால் என் தீர்ப்பு மலைக்காரிக்கே. அவருக்கு அது மூன்று ஆண்டில் முடிந்தது. வேடிக்கை பார்த்த ஊரே அவருக்குச் சாட்சியாக மாறியது. இவளுக்கு அது தினமும் காலையில் முதல் வளைவிலேயே தொடங்குகிறது. சாட்சி யாரும் இல்லை, திரும்பக் கொடுக்கிறேன் என்று ஆசை காட்ட ஒரு மன்னனும் இல்லை.

கடைசியாக ஒரு வார்த்தை, பழைய சபைகளைச் சேர்ந்த வாசகர்களுக்கு. போடி டீக்கடையில் அல்லேலூயா என்று நக்கலடிப்பவர்களில் ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் உண்டு, நமக்குத் தெரியும். ஜனவரி 14 அன்று தேவசகாயத்துக்கு மாலை போடப் போகிறவர்கள் அந்தச் சிரிப்பை விட்டுவிட்டுப் போங்கள்.